குரோமில் பாஸ், சஃபாரியில் ஃபெயில்: டெஸ்டிங் கேள்வி-பதில்

வெப்சைட்டைப் பல பிரவுசர்களில் தானாக ஓட்டிப் பார்க்கும் டெஸ்ட்கள் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகள் இவை. இந்த முறையும் பாதிக் கடிதங்களில் பிரவுசர் வெர்ஷன் இல்லை, எரர் மெசேஜும் இல்லை. "ஓடவில்லை" என்று மட்டும் எழுதினால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

கே: செலினியத்தில் (பிரவுசரை நிரல் வழியே இயக்கும் கருவி) தேதிப் பெட்டிக்கு சென்ட்கீஸ் (எழுத்துகளைத் தட்டும் கட்டளை) கொடுத்தால் குரோமில் சரியாக விழுகிறது. ஃபயர்பாக்ஸில் காலியாகவே நிற்கிறது. ஏன்?

குரோமில் அந்த மெஷினின் லோகேல் (மொழி, நாட்டு அமைப்பு) எப்படியோ அந்த வரிசையில் தட்ட வேண்டும். அமெரிக்க லோகேலில் மாதம் முதலில், இந்திய லோகேலில் நாள் முதலில். ஃபயர்பாக்ஸுக்கு 2025-03-25 என்று ஆண்டு முதலாகக் கொடுங்கள். உங்கள் லேப்டாப்பில் பாஸ் ஆவது சர்வரில் ஃபெயில் ஆவதற்கும் பல நேரம் இந்த லோகேல்தான் காரணம். இன்னொன்று, டெஸ்டில் 05-03 போன்ற தேதியை வைக்காதீர்கள். மார்ச் 5 சத்தமில்லாமல் மே 3 ஆகிவிடும். நாள் 12-க்கு மேல் இருந்தால் குழப்பம் உடனே பல்லை இளிக்கும்.

கே: பிளேரைட்டில் (செலினியம் போன்ற இன்னொரு கருவி) வெப்கிட் டெஸ்ட் எல்லாம் பாஸ். சஃபாரியில் பார்த்தாயிற்று என்று கிளையண்டிடம் சொல்லலாமா?

கூடாது. வெப்கிட் என்பது பக்கத்தை வரைந்து காட்டும் எஞ்சின், சஃபாரி அதன் மேல் கட்டிய வண்டி. லினக்ஸில் ஓடும் வெப்கிட்டில் மேக்கின் ஃபான்ட்டும் வீடியோவை ஓட்டும் கோடெக் மென்பொருளும் அப்படியே இருக்காது. தினசரி ஓட்டத்துக்கு அது போதும். ரிலீஸுக்கு முன் ஒரு நிஜ ஐபோனைக் கையில் எடுங்கள்.

கே: பட்டன் நிறம் குரோமில் ஆர்ஜிபிஏ (நிறத்தோடு ஒளிபுகும் அளவும் சேர்ந்த குறிப்பு) என்றும் ஃபயர்பாக்ஸில் ஆர்ஜிபி என்றும் வருகிறது.

எழுத்துக்கு எழுத்து, ஸ்ட்ரிங்காக ஒப்பிடாதீர்கள். இரண்டு வடிவத்தையும் நிறமாகவே படித்து ஒப்பிட செலினியத்திலேயே கலர் கிளாஸ் இருக்கிறது.

கே: சஃபாரியில் ஒரு பட்டன் கிளிக் ஆகவில்லை. ஜாவாஸ்கிரிப்ட் கிளிக் (பக்கத்துக்குள்ளிருந்தே ஸ்கிரிப்ட்டால் அழுத்துவது) போட்டேன், சரியாகிவிட்டது. எல்லா இடத்திலும் இதையே போட்டுவிடலாமா?

எது சரியாகிவிட்டது? உங்கள் ரிப்போர்ட் பச்சையாகிவிட்டது, அவ்வளவுதான்.

செலினியத்தின் சாதாரண கிளிக், பட்டனைத் திரைக்குள் கொண்டுவந்து, அதன் நடுப்புள்ளியில் வேறு எதுவும் மேலே கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அழுத்தும். கிடந்தால் 'கிளிக் இன்டர்செப்டட்' என்று நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்ட் கிளிக் இதையெல்லாம் பார்க்காது. பட்டன் ஏதாவது பேனருக்கு அடியில் புதைந்திருந்தாலும் அழுத்திவிட்டுப் போகும். மனித விரலால் அது முடியுமா?

சில வருடங்களுக்கு முன் நான் இருந்த டீமில் இதே கதை. குக்கீ நோட்டீஸ் பட்டை சஃபாரியில் மட்டும் இரண்டு வரியாக மடங்கி, பணம் செலுத்தும் பட்டனை மூடிக்கொண்டது. டெஸ்ட் ஒழுங்காகத்தான் கத்தியது. ஒரு தம்பி அவசரத்தில் ஜாவாஸ்கிரிப்ட் கிளிக் போட்டு அதன் வாயை அடைத்தார். ரிவ்யூவில் ஓகே சொன்னவன் நான்தான். மூன்று வாரம் ரிப்போர்ட் பச்சை. அப்புறம் கஸ்டமர் கேரிலிருந்து போன் வந்தது.

இப்போது என் வழி இதுதான். கிளிக் விழவில்லை என்றால் முதலில் ஸ்கிரீன்ஷாட். மேலே என்ன கிடக்கிறது என்று கண்ணால் பார்ப்பது. பட்டை என்றால் பயனர் செய்வதுபோல அதை மூடிவிட்டுப் போவது. அனிமேஷன் என்றால் அது நிற்கும்வரை எக்ஸ்பிளிசிட் வெயிட் (குறித்த நிலை வரும்வரை மட்டும் காத்திருக்கும் கட்டளை). "சஃபாரி என்றால் ஐந்து விநாடி ஸ்லீப்" என்று எழுதுகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

கே: ஹெட்லெஸ் குரோமில் (திரையில் ஜன்னல் காட்டாமல் ஓடும் குரோம்) மட்டும் மேல் மெனு காணவில்லை.

விண்டோ அளவு கொடுத்தீர்களா? கொடுக்காவிட்டால் ஏறக்குறைய 800-க்கு 600-தான். உங்கள் சைட் அதை டேப்லெட் என்று நினைத்து மெனுவை மூன்று கோட்டுக்குள் சுருட்டி வைத்திருக்கும். 1920-க்கு 1080 என்று வையுங்கள்.

கே: ஒரே மேக்கில் நான்கு சஃபாரி டெஸ்ட்களை இணையாக ஓட்ட முடியுமா?

முடியாது. சஃபாரியை டெஸ்டுக்காக இயக்கும் சஃபாரி டிரைவர் ஒரு நேரத்தில் ஒரு செஷன்தான் தரும். வரிசையில் ஓட்டுங்கள், இல்லையேல் இன்னொரு மேக் வாங்கச் சொல்லுங்கள்.

கே: டாக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டிபோல ஓட்டும் கருவி) எடுத்த ஸ்கிரீன்ஷாட்டில் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வருகிறது. பிரவுசர் பிரச்சினையா?

இல்லை. அந்த டாக்கர் இமேஜில் (மென்பொருள் தொகுப்பில்) தமிழ் ஃபான்ட்டே இருக்காது. நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபான்ட்டை நிறுவுங்கள். ஒப்பிட வைத்திருக்கும் பழைய பேஸ்லைன் படங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு புதிதாக எடுங்கள். அடுத்த முறை வெர்ஷனையும் சேர்த்து எழுதுங்கள்.