வொலூபிலிஸ் ஆலிவ் செக்கு பாக்கப் போறீங்களா? டிரைவர்கிட்ட முதல்லயே பேசிடுங்க

கேள்வி: டிசம்பர்ல அப்பா அம்மாவோட மொராக்கோ போறோம். ஃபெஸ்ல தங்கி, ஒரே நாள்ல வொலூபிலிஸ்ங்கற ரோமர் கால இடிபாட்டு நகரத்துக்குப் போய் அங்க இருக்கிற ஆலிவ் செக்கு பாத்துட்டு வர முடியுமா? ஹோட்டல் சொல்ற டூர்ல போகலாமா? அங்கயே எண்ணெய் வாங்கலாமா?

பதில்: தாராளமா முடியும். சுமார் 80 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். ஆனா நடுவுல ‘கூட்டுறவு சங்கம்’னு போர்டு மாட்டின கடையில வண்டி நிக்கும், புதினா டீ குடுப்பாங்க, ரொட்டிய எண்ணெய்ல தொட்டுக் குடுப்பாங்க, டிரைவருக்கு கமிஷன், உங்களுக்கு ஒரு மணி நேரம் காலி, அப்புறம் சைட்ல நாப்பது நிமிஷத்துல வாங்க வாங்கன்னு ஹார்ன் அடிப்பான். ஏறுறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க: கடை வேண்டாம், சைட்ல மூணு மணி நேரம், மொத்தம் இவ்ளோ டிர்ஹாம், காசு திரும்பி வந்தப்புறம்தான். இல்லேன்னா ரயில்ல பக்கத்து நகரம் மெக்னெஸ் போய் அங்கருந்து டாக்ஸி பேசிக்கோங்க.

செக்குன்னதும் நம்மூர் மரச்செக்கு மாதிரி தேடாதீங்க. எள்ளு காஞ்ச வித்து, ஆலிவ் தண்ணியுள்ள பழம். கல்லுல கூழா அரைச்சு, புல்லுல பின்னின தட்டைக் கூடையில வச்சு அடுக்கி, நீள மரத்தால அழுத்துவாங்க, வடியற சாறு தொட்டியில நின்னா எண்ணெய் மேல மிதக்கும். மரம் மக்கிப் போச்சு, கல்லுதான் மிச்சம். தரையில வட்டமா வெட்டின ஒரு பள்ளம், அதுல இருந்து தொட்டிக்கு ஓடற கால்வாய், பக்கத்துல, அந்த அழுத்தற மரத்தை கீழ இழுக்க, ரெண்டு பக்கமும் வெட்டின ஒரு பெரிய பாரக்கல். இது மூணையும் பாத்தா அதான் செக்கு. இப்படி 50-க்கும் மேல கண்டுபிடிச்சிருக்காங்க, மொசைக் போட்ட பணக்கார வீடுகள்லயே இருக்கு. இந்த இடத்த 1997-லயே யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாச்சு, ஆனா நான் பாத்த வரைக்கும் எது எந்தக் கல்லுன்னு சொல்ல உருப்படியா போர்டு இல்ல, டிக்கெட் மட்டும் கரெக்டா கிழிக்கிறாங்க! அதனால மரத்தோட திரும்பச் செஞ்சு வச்சிருக்கிற செக்கை முதல்ல பாத்துடுங்க, மத்ததெல்லாம் தானா புரியும். அப்பா அம்மாவுக்கு நல்ல ஷூ வேணும், மழைல கல்லு வழுக்கும்.

எண்ணெய்? ரோட்டோரத்துல கோலா பாட்டில்ல வெயில்ல நிக்கறத தொடவே தொடாதீங்க. ஒரே ஒரு விதிவிலக்கு, நீங்க போறது அறுவடை சமயம், அதனால சொல்றேன். வொலூபிலிஸுக்குப் பக்கத்து ஊர் முலாய் இத்ரீஸ், அந்தப் பக்கம் எண்ணெய் ஆலை ஓடிட்டிருந்தா, அதாவது நிஜமாவே ஓடிட்டிருந்தா, சும்மா ஷோவுக்கு கல்லு வச்சிருக்கிற கடை இல்ல, மூட்டை மூட்டையா காய் வந்து இறங்கி, பக்கத்து ஊர்க்காரங்களே கேனோட நின்னா, அங்க வாங்கலாம். தொண்டையில காரமா கமறும், பயப்படாதீங்க, புதுசுன்னா அப்படித்தான். அரை லிட்டர் போதும், தகர டின்ல, செக்-இன் பெட்டியில. நான் ஒருதடவை பிளாஸ்டிக் கேன்ல ரெண்டு லிட்டர் வாங்கிட்டு வந்து வீட்டம்மாவோட பட்டுப்புடவைக்கு பதில் சொல்லிட்டிருக்கேன், இன்னும்.