அல்சூர் ஏரி நீரில் நகரும் இழை

வணக்கம். பெங்களூரு அல்சூர் ஏரியில் எடுத்த நீரில், நுண்ணோக்கியில் 400 மடங்கில் பார்த்தால் நீலப்பச்சை இழைகள் தானாக நகர்கின்றன, இது ஸ்பைரோகைரா என்ற பச்சைப்பாசியா புழுவா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் இல்லை, ஆசிலட்டோரியா என்ற நீலப்பச்சைப் பாசி போலத்தான் தெரிகிறது.

ஸ்பைரோகைரா என்றால் செல்லுக்குள் பச்சை நாடா சுருள் சுருளாக ஓடும். உங்கள் இழையிலோ நிறம் சீராகப் பரவியிருக்கிறது என்கிறீர்கள். நுண்ணோக்கியில் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டயாபிரத்தைக் கொஞ்சம் மூடிப் பாருங்கள்: காசுகளை அடுக்கிவைத்ததுபோல் குறுக்குக்கோடுகள் தெரியும், நுனி மெல்ல இப்படியும் அப்படியும் ஆடும். அந்த ஆட்டத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்குக் கண்ணை எடுக்கவே மனம் வரவில்லை.

சந்தேகம் இருந்தால் கவர்ஸ்லிப் (நீர்ச்சொட்டை மூடும் மெல்லிய கண்ணாடி) ஓரத்தில் ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விடுங்கள். பச்சைப்பாசியில் மாவுச்சத்து கருநீலமாகும், இதில் ஆகாது. அப்புறம், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள், நீலப்பச்சைப் பாசிகளில் சில நச்சு சுரக்கும்.