தவணை கட்டுவதாகச் சொன்னவர் கட்டவில்லை

கேள்வி: விவாகரத்து ஆகி ஒரு வருடம் ஆகிறது. வீட்டுக் கடன் எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது. தவணையை அவரே கட்டுவார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம், நீதிமன்றமும் ஏற்றது. இப்போது மூன்று மாதமாகக் கட்டவில்லை என்று வங்கி என்னைத் துரத்துகிறது. நான் ஏன் கட்ட வேண்டும்?

பதில்: உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் உங்கள் ஒப்பந்தம் உங்கள் இருவரைத்தான் கட்டுப்படுத்தும், அதில் வங்கி கையெழுத்துப் போடவில்லை. கடன் பத்திரத்தில் இருவரும் போட்டிருக்கிறீர்கள், அது அடைபடும்வரை வங்கி உங்கள் இருவரில் யாரிடம் வேண்டுமானாலும் முழுப் பாக்கியையும் கேட்கும். விவாகரத்துப் பேச்சில் பலரும் கோட்டை விடும் இடம் இதுதான்.

கையில் பணம் இருந்தால் பாக்கியைக் கட்டிவிடுங்கள், கட்டாவிட்டால் உங்கள் கிரெடிட் ஸ்கோரும் சேர்ந்து அடிவாங்கும். அப்புறம் அந்த ரசீதோடு வக்கீலைப் பார்த்து, தீர்ப்பை நிறைவேற்றச் சொல்லி மனு போட்டு அவரிடம் திரும்பக் கேளுங்கள். ஆனால் மாதாமாதம் கோர்ட்டுக்கு அலைய முடியுமா? அவர் தன் பெயரில் மட்டும் புதுக் கடன் வாங்கிப் பழையதை அடைக்க வேண்டும், முடியாவிட்டால் வீட்டை விற்க வேண்டும். அதற்கு முன்னால் வீட்டிலுள்ள உங்கள் பங்கை மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், சொத்து போய்க் கடன் மட்டும் மிஞ்சும்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: உங்கள் காப்பீட்டிலும் சேமிப்புக் கணக்கிலும் நாமினி இன்னும் அவர்தானா? பல இடங்களில் அது தானாக மாறாது, போய்ப் பாருங்கள்.