கோலாலம்பூரில் சொந்தமாக நாவல் வெளியிடுபவர், கட்டுப்படியாகும் செலவில் நல்ல எடிட்டரை எங்கே தேடுவது?

அச்சுச் செலவு போக எடிட்டருக்குச் சிறு தொகையே மிஞ்சும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தொகைக்குள் நல்லவர் கிடைப்பார். ஆனால், எந்த வேலைக்கு ஆள் தேடுகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். இந்த அத்தியாயம் கதையை நகர்த்தவில்லை, இந்தப் பாத்திரம் பாதியில் காணாமல் போகிறது என்று சொல்வது செம்மையாக்கம். ஒற்றுப்பிழையும் நிறுத்தக்குறியும் பார்ப்பது மெய்ப்பு. இரண்டிலும் தேர்ந்தவர்கள் அரிது.

மெய்ப்புக்கு ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களையும், 2019இல் நின்றுபோன தமிழ் நேசன் போன்ற நாளேடுகளில் பணியாற்றியவர்களையும் விசாரியுங்கள். செம்மையாக்கத்துக்கு, உங்களுக்குப் பிடித்த மலேசிய நாவல்களின் நன்றியுரைப் பக்கத்தைப் பாருங்கள். அங்கே எடிட்டரின் பெயர் இருந்தால், அந்த எழுத்தாளரிடமே "அவர் எதையெல்லாம் வெட்டச் சொன்னார்?" என்று கேளுங்கள். அதற்கு அவர் தயங்காமல் பதில் சொன்னால், அந்த எடிட்டர் பிரதியை உண்மையாகவே படித்திருக்கிறார்.

முழு நாவலையும் ஒப்படைக்கும் முன், நடுவிலிருந்து உரையாடல் நிறைந்த 10 பக்கங்களை இருவரிடம் கொடுத்து, அதற்குரிய கூலியையும் கொடுத்துவிடுங்கள். தமிழ்நாட்டு எடிட்டரின் கட்டணம் நம் வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மலிவாகத் தெரியலாம். ஆனால், "பசியாறிட்டுப் பெரட்டுக்குப் போகணும், மண்டோர் திட்டுவாரு" என்று தோட்டத்துப் பாட்டி பேசுவதை அவர் "சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போக வேண்டும், மேற்பார்வையாளர் திட்டுவார்" என்று மாற்றி அனுப்பினால், உங்கள் பாட்டி அந்தப் பக்கத்திலேயே இறந்துவிடுகிறாள். மாற்றுவதற்கு முன் ஓரக்குறிப்பில் சந்தேகம் கேட்பவரே உங்களுக்கு வேண்டியவர். அவர் சற்றுக் கூடுதலாகக் கேட்டாலும் அவரையே வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

செலவைக் குறைக்கும் வழி, பேரம் பேசுவதைவிட எடிட்டரின் வேலையைக் குறைப்பதில்தான் இருக்கிறது. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு என்றால் யூனிகோடுக்கு மாற்றி, எழுத்துப்பிழைக்கு வாணி, சந்திப்பிழைக்கு நாவி ஆகிய தமிழ்ப் பிழைதிருத்திச் செயலிகளில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். அவை காட்டுவதையெல்லாம் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. பாத்திரப் பெயர்களையும் ஊர்ப் பெயர்களையும் எப்படி எழுதுகிறீர்கள் என்று ஒரு தாளில் குறித்துக் கொடுங்கள்.

எடிட்டிங், ஐஎஸ்பிஎன் (நூலுக்கான பன்னாட்டு அடையாள எண்), அச்சு எல்லாம் சேர்த்து ஒரே தொகை சொல்பவரிடம் தனித்தனிக் கணக்குக் கேளுங்கள்; ஐஎஸ்பிஎன் எண்ணைத் தேசிய நூலகம் இலவசமாகவே தருகிறது. அங்கே மிச்சமாகும் பணத்தை, பக்க வடிவமைப்பு முடிந்தபின் பார்க்க வேண்டிய கடைசி மெய்ப்புக்கு ஒதுக்கிவையுங்கள்.