கசெட் எந்த இடத்தில் நின்றது?

(கொட்டாஞ்சேனையில் இருபது வருடம் வீடியோக் கடை நடத்திய அக்கா, வாசகர்களின் சினிமாக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஹிந்திப் படங்களைப் பற்றியவை.)

ஹிந்திப் படம் என்றாலே சுவிஸ் மலையில் சேலை பறக்க ஆடுவதுதான் என்கிறார் என் கணவர். குடும்பக் கதையும் நாட்டு நடப்பும் சேர்ந்த படம் ஒன்று சொல்லுங்கள் அக்கா. அவர் வாயை அடைக்க வேண்டும்.
த. ம., வெள்ளவத்தை

வாயை அடைக்க முடியுமோ தெரியாது. இரண்டு மணித்தியாலம் சும்மா இருக்க வைக்கலாம். ‘தோ பீகா ஜமீன்’ போட்டுக் காட்டுங்கள். 1953இல் பிமல் ராய் எடுத்தது. கறுப்பு வெள்ளை என்று எழும்பப் பார்ப்பார். கணக்குக் காட்சி வரும்வரை ஒரு தேத்தண்ணியைக் கொடுத்து இருத்தி வையுங்கள்.

ஷம்பு என்ற கமக்காரனுக்கு இரண்டு பீகா நிலம் (பீகா என்பது வட இந்திய நில அளவு). ஜமீன்தாருக்கு அந்த இடத்தில் ஆலை வர வேண்டும். நிலத்தைத் தர மாட்டேன் என்றதும், அப்படியானால் கடனைக் கட்டு என்கிறார். கடன் 65 ரூபா என்று நினைத்து, வீட்டில் விற்கக்கூடியதையெல்லாம் விற்றுக் கொண்டுபோகிறான். அங்கே புத்தகத்தில் அது 235 ரூபாவாக ஏறி நிற்கிறது. வழக்குக்குப் போனால் மூன்று மாதத் தவணை. கல்கத்தாவுக்குப் போய் ரிக்சா இழுக்கிறான். ஜமீன்தார் முறை எவ்வளவு கொடியது என்று யாரும் எழுந்து நின்று விளக்க வேண்டிய தேவையே படத்துக்கு இல்லை. 65, 235. ஒரு தடவையாவது அடகுக் கடை வாசலில் நின்றவர்களுக்கு அந்த இரண்டு இலக்கமும் போதும்.

ஷம்புவாக வந்த பல்ராஜ் சாஹ்னி இங்கிலிஷ் இலக்கியம் படித்தவர், லண்டன் பிபிசியில் வேலை பார்த்தவர். படத்துக்காகக் கல்கத்தாத் தெருவில் உண்மையாகவே ரிக்சா இழுத்துப் பழகினார். படத்தில் ஒரு காட்சி: முன்னால் போகும் ரிக்சாவைப் பிடித்தால் கூடக் காசு தருகிறேன் என்று ஏறியவன் ஆசை காட்டுகிறான். ஷம்பு ஓடுகிறான், இன்னும் வேகமாக ஓடுகிறான், கடைசியில் சில்லுக் கழன்று போகிறது. என் அப்பாவுக்கு இந்தப் படத்தைக் கடையில் போட்டுக் காட்டினேன். அந்த இடத்தில் அவர் ரி.வி.யைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்தார். கொழும்பிலும் முந்தி கை ரிக்சா இருந்ததுதானே. சின்ன வயதில் கொச்சிக்கடை மேட்டில் ஏறும்போது, இழுக்கிற ஆளைப் பார்க்கப் பொறுக்காமல் இறங்கி நடப்பாராம். அதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொன்னார்.

உங்களுக்கு ஹிந்தி எப்படித் தெரியும்?
ஆர். எஸ்., தெஹிவளை

எழுதத் தெரியாது. கேட்டால் விளங்கும், கோபம் வந்தால் கொஞ்சம் பேசவும் வரும். கொழும்பில் இருந்துகொண்டு ஹிந்தி தெரியுமா என்று கேட்கிறீர்கள்! இந்திய அரசு வானொலி சினிமாப் பாட்டுகளை ஒதுக்கி வைத்திருந்த 1952இல், புதன்கிழமை இரவுகளில் ‘பினாக்கா கீத்மாலா’வை இந்தியாவுக்கே அனுப்பியது எங்கள் இலங்கை வானொலி. அமீன் சயானி பம்பாயில் பேசிப் பதிவு செய்த நாடா விமானத்தில் கொழும்புக்கு வந்து, இங்கிருந்து காற்றலையில் திரும்பிப் போகும். மெட்ராஸில் கறி வாங்கி, கொழும்பில் சமைத்து, மெட்ராஸுக்கே திருப்பி அனுப்பியது மாதிரி.

மிச்சத்தை எனக்குச் சொல்லித் தந்தவர், புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருந்த சிந்திக் குடும்பத்து அன்ரி ஒருவர். வாரத்துக்கு மூன்று கசெட் எடுப்பார். திருப்பித் தரும்போது, கதிரையில் இருந்து வசனத்துக்கு வசனம் விளக்கம் சொல்லிவிட்டுத்தான் போவார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஹிந்திப் படத்தைத் தமிழில் எடுத்தால் நல்லாக இருப்பது எது?
கே. வி., கொம்பனித்தெரு

‘வசூல்ராஜா’வை நான் இரண்டு தடவை பார்த்தேன், ‘முன்னாபாய்’யை ஒரு தடவைதான். இதைச் சொன்னால் என் மகன் சண்டைக்கு வருவான்.

அம்மாவுக்கு 81 வயது. அண்ணன்மார் கனடாவில். நான் இங்கே. அவர் கொக்குவில் வீட்டை விட்டு ஒரு அடி நகர மாட்டேன் என்கிறார். ஸ்பொன்சர் கடிதத்தைக் கண்டாலே கதவைச் சாத்துகிறார். இப்படி யாரையாவது பற்றிப் படம் வந்திருக்கிறதா? ஆறுதலுக்குத்தான் கேட்கிறேன்.
ஒரு மகள், வத்தளை

வந்திருக்கிறது மகள். ஆறுதல் தருமா என்பதைப் பார்த்துவிட்டு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

‘கரம் ஹவா’. எம். எஸ். சத்யூ எடுத்தது, இஸ்மத் சுக்தாயின் கதை. பிரிவினைக்குப் பிறகு ஆக்ராவில் சப்பாத்து செய்து விற்கும் சலீம் மிர்சாவின் குடும்பம். படம் தொடங்குவதே ரயில் நிலையத்தில், யாரையோ வழியனுப்பும் கையோடு. அடுத்து இன்னொருவர், பிறகு இன்னொருவர். சொந்தக்காரர் ஒவ்வொருவராகப் பாகிஸ்தானுக்குப் போகிறார்கள், சலீம் ஒவ்வொரு தடவையும் நின்று கையசைக்கிறார். எங்களுக்கும் கட்டுநாயக்க விமான நிலையத்தில் அந்த இடம் நன்றாகப் பழக்கம்.

குடும்பம் வாழும் பெரிய வீடு அண்ணன் பெயரில் இருக்கிறது. அண்ணன் எல்லை தாண்டிப் போனதும் அது ‘போனவர்களின் சொத்து’ ஆகி அரசாங்கத்தின் கைக்குப் போகிறது. உள்ளே இருக்கும் தம்பி குடும்பம் வெளியேற வேண்டும். உறுதியில் யார் பெயர் என்ற ஒரே விசயம். இதை நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை, யாழ்ப்பாணத்துக் காணிப் பிரச்சினை எத்தனை கேட்டிருப்பீர்கள்.

வீட்டில் ஒரு கிழவி, சலீமின் அம்மா. போக மாட்டேன் என்று ஒளிந்துகொள்கிறாள், தேடிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். வாடகை வீட்டில் சாகக் கிடக்கும்போதும் உயிர் பழைய வீட்டிலேயே நிற்கிறது. கடைசியில் பல்லக்கில் அங்கே கொண்டுபோகிறார்கள். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளின் நினைவு அவளுக்குத் திரும்புகிறது. இதற்குமேல் நான் சொல்ல மாட்டேன்.

கடையில் ‘கசெட்டைச் சுற்றித் தராவிட்டால் 5 ரூபா தண்டம்’ என்று எழுதி ஒட்டியிருந்தேன். உண்மையைச் சொன்னால், சுற்றாமல் வருகிற கசெட்டில்தான் எனக்கு ஆசை. அதைப் போட்டுப் பார்த்தால் எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்று தெரியும். பிடிக்காத படம் அரை மணித்தியாலத்தில் நிற்கும். ‘கரம் ஹவா’வை ஒருவர் எடுத்தார், லொட்ஜில் தங்கி வெளிநாடு போகக் காத்திருந்த பெடியன். 1986 இருக்கும். கசெட் பல்லக்குக்குச் சற்று முன்னால் நின்றது. தண்டத்தை நான் கேட்கவில்லை, அவனாகவே 5 ரூபாவை மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

அதே கசெட்டைச் சிந்தி அன்ரியும் எடுத்தார். 1947இல் கராச்சி வீட்டைப் பூட்டிவிட்டு வந்த குடும்பம் அவர்களுடையது, சாவி கனகாலம் அலுமாரியில் இருந்ததாம். படத்தில் அந்தப் பெரிய வீடு போய்ச் சேர்வது சிந்திலிருந்து அகதியாக வந்த ஒரு வியாபாரியிடம். ஏ. கே. ஹங்கல் நடித்தது. அவன் கெட்டவன் இல்லை. அவனும் ஒரு வீட்டை விட்டுவிட்டு வந்தவன்தான். “எல்லாரும் கிழவிக்கு அழுகிறார்கள், நான் அவனுக்கும் சேர்த்து அழுதேன்” என்றார் அன்ரி. அவர் கசெட் முழுவதும் ஓடி, படம் முடிந்த பிறகு வரும் வெள்ளைப் புள்ளிகளில் நின்றிருந்தது.

பல்ராஜ் சாஹ்னிதான் இதிலும் சலீம். குரல் பதிவை முடித்த மறுநாள், 1973 ஏப்ரலில் இறந்துபோனார். படம் திரைக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை.

அம்மாவுக்குப் போட்டுக் காட்டாதீர்கள். அண்ணன்மாருக்கு அனுப்புங்கள்.

சமூகப் பிரச்சினையைப் பேசும் படங்கள் எல்லாம் கடைசியில் ஏன் கோர்ட்டுக்குப் போய்ப் பிரசங்கம் செய்கின்றன? எனக்கு 26 வயது, பிரசங்கம் வீட்டிலேயே நிறையக் கிடைக்கிறது.
என். ஜே., பம்பலப்பிட்டி

‘பிங்க்’கைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 2016இல் வந்தது, தமிழில் 2019இல் அஜித் நடித்து ‘நேர்கொண்ட பார்வை’ ஆனது. முதல் பாதியில் அந்த மூன்று பெண்களின் பயம் எனக்குத் தொண்டையில் வந்து நின்றது. வீட்டுச் சொந்தக்காரர் மணி அடித்தால்கூடப் பயம். அப்புறம் அமிதாப் கறுப்புக் கோட் போட்டு எழுந்து நிற்கிறார், பெண்கள் அவருக்குப் பின்னால் சின்னதாகிவிடுகிறார்கள். பேச்சு நல்ல பேச்சுத்தான், அதில் குறையில்லை. ஆனால் கைதட்டு முழுவதும் கிழவருக்குப் போகிறது.

அதற்குப் பதிலாக ‘தப்பட்’ பாருங்கள். அனுபவ் சின்ஹா, 2020. டாப்ஸி காலையில் எழும்பி, செடியில் லெமன்கிராஸ் கிள்ளி, இஞ்சி தட்டித் தேத்தண்ணி போடுகிறார். மாமியாருக்குச் சீனி அளவு பார்க்கிறார். இது திரும்பத் திரும்ப வரும், சலிக்கும், சலிக்க வேண்டும் என்றுதான் வைத்திருக்கிறார்கள். வீட்டு விருந்தில் புருசன் யாரோடோ தர்க்கப்படுகிறான், விலக்கப்போன இவருக்கு ஒரு அறை. ஒன்றே ஒன்று. “ஒரு அறைக்காக விவாகரத்தா?” என்று எல்லோரும் கேட்கிறார்கள், பெற்ற தாயும் கேட்கிறாள். நானும் முதல் அரை மணித்தியாலம் அதைத்தான் கேட்டேன், வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன். பிறகு என் நாற்பது வருடத் தேத்தண்ணிகளை எண்ணத் தொடங்கினேன். இதிலும் வக்கீல் வருகிறார், ஆனால் கதையை நடத்துவது அந்தப் பெண்தான்.

இப்படிப்பட்ட படங்களுக்கு யார் காசு போடுகிறார்கள்?
பி. எம்., மருதானை (சொந்த ஊர் ஹற்றன்)

ஹற்றன் ஆளுக்கு ‘மந்தன்’ கதையைச் சொல்ல வேண்டும். 1976, ஷ்யாம் பெனகல். குஜராத்தில் பால் கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்த 5 இலட்சம் விவசாயிகள் ஆளுக்கு 2 ரூபா கொடுத்தார்கள், அதுதான் தயாரிப்புச் செலவு. படம் வந்ததும் தங்கள் படத்தைப் பார்க்க லொறி லொறியாக வந்து இறங்கினார்களாம். காசு போட்டவர்களைப் புகழ்ந்து எடுத்த படமும் இல்லை. கூட்டுறவுக்குள்ளேயே சாதி எப்படிக் குறுக்கே நிற்கிறது, பட்டணத்திலிருந்து வந்த டொக்டர் எதை விளங்கிக்கொள்ளாமல் போகிறார், எல்லாம் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் ஆளுக்கு இவ்வளவு என்று சேர்த்து யாராவது ஒரு படம் எடுத்தால் என் பங்கையும் தருகிறேன். கொழுந்து நிறுக்கும் தராசில் இருந்து கதையைத் தொடங்குங்கள்.

ஏ.எல். வகுப்புப் பிள்ளைகளோடு இருந்து பார்க்கக்கூடிய ஹிந்திப் படம்? கண்ணை மூடச் சொல்லும் காட்சி இருக்கக் கூடாது.
ஒரு ஆசிரியை, கொட்டாஞ்சேனை

‘லாபதா லேடீஸ்’, கிரண் ராவ், 2024இல் தியேட்டருக்கு வந்தது. ரயிலில் இரண்டு புதுப் பெண்கள், இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிச் சிவப்பு முக்காடு. இருட்டில் மாப்பிள்ளை அடுத்தவன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிடுகிறான். தனியாக விடப்பட்ட பூல் என்ற பிள்ளைக்குப் புருசனுடைய ஊர்ப் பெயர் தெரியாது, ஏதோ ஒரு பூவின் பெயர் என்று மட்டும் ஞாபகம். புருசன் பெயரைச் சொல்ல வாய் வராது.

பிள்ளைகள் சிரிப்பார்கள். என் அப்பம்மாவைப் பற்றிச் சொல்லி மிச்சத்தையும் சிரிக்க வையுங்கள். தாத்தாவின் பெயரில் கதிரேசன் இருந்ததால், செட்டியார் தெருக் கதிரேசன் கோயிலை அவர் சாகும்வரை பெயர் சொல்லிச் சொன்னதில்லை. ‘வேல் புறப்படுகிற கோயில்’ என்பார். ஒரு நாள் ஓட்டோக்காரர் அவரை வேறு கோயிலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். பூலுக்கு ரயில், அப்பம்மாவுக்கு ஓட்டோ.

ஸ்டேசனில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் மஞ்சு மாயியைப் பிள்ளைகள் கவனிக்கட்டும். புருசனையும் மகனையும் வீட்டை விட்டுத் துரத்திவிட்டுத் தனியாக வாழ்கிறவள். அவளை வைத்து ஒரு முழுப் படம் எடுத்திருக்கலாம்.

‘மசான்’ பார்த்தேன். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஏன் இப்படி எடுக்கிறார்கள்?
டி. ஆர்., பம்பலப்பிட்டி

காசியில் பிணம் எரிக்கிற குடும்பத்துப் பெடியன் காதலித்தால் வேறு எப்படி எடுப்பது? நீரஜ் கய்வானின் முதல் முழுநீளப் படம் அது, 2015. மூன்றாம் நாள் சாப்பிட்டீர்கள்தானே.

உங்களிடம் இப்போதும் பழைய கசெட்டுகள் இருந்தால் ஒன்றிரண்டு இரவல் தருவீர்களா அக்கா? பத்திரமாகத் திருப்பித் தருவேன்.
எஸ். பி., ஹம்டன் லேன், வெள்ளவத்தை

முக்கால்வாசி பூஞ்சணம் பிடித்து, போத்தல் பேப்பர்காரரிடம் போய்விட்டது. ஹம்டன் லேன் என்று எழுதியிருக்கிறீர்கள். 1994இல் அந்த லேனிலிருந்து ஒருவர் என்னிடம் ‘சுஜாதா’ எடுத்தார், நூத்தன் நடித்தது, கறுப்பு வெள்ளை, உறையில் நீலப் பேனையால் 212 என்று இலக்கம். இன்னும் வந்து சேரவில்லை. முதலில் உங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டை ஒருக்கால் பாருங்கள். தண்டம் எவ்வளவு என்று பிறகு கதைப்போம்.