லைசென்ஸ் வந்தாச்சு, அப்புறம்?

வாசகர் கேள்விகள். பதில் சொல்பவர், காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஹாம் ரேடியோ, அதாவது லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்வது, பழக்கிவிடுபவர்.

கேள்வி: ஐயா, பரீட்சை எழுதி, வி.யு.3 என்று தொடங்கும் கால் சைன் (வானொலியில் என்னை அடையாளம் சொல்லும் எழுத்தும் எண்ணும்) வந்துவிட்டது. வாக்கி-டாக்கியும் வாங்கியாச்சு. ஆனால் பட்டனை அழுத்தினால் வாய் வரமாட்டேன் என்கிறது. என்னதான் பேசுவது? – மாணவி, தேவகோட்டை

பதில்: கொஞ்ச நாள் பேசவே வேண்டாம்மா, கேளுங்கள். பக்கத்தில் யாராவது சீனியர் வீட்டில் 7 மெகாஹெர்ட்ஸில் பேசும் வானொலி செட் இருந்தால் காலை வேளையில் போய் உட்காருங்கள். யார் யாரைக் கூப்பிடுகிறார்கள், எப்படி முடிக்கிறார்கள் என்று நோட்டில் எழுதுங்கள். தமிழிலேயே பேசுகிறவர்களும் நிறைய உண்டு. அப்புறம் ஒரு தாளில் இந்த வரிசையை எழுதி முன்னால் வையுங்கள்: எதிராளியின் கால் சைன், உங்கள் கால் சைன், சிக்னல் எப்படி இருக்கிறது, பெயர், ஊர். முதல் பேச்சுக்கு இது தாராளம்.

பட்டனை அழுத்தியதும் ஒரு கணம் விட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் கால் சைனின் முதல் எழுத்தை, நம் சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் நிலையம் விழுங்கிவிடும். சிக்னல் ரிப்போர்ட்டை உள்ளபடி சொல்லுங்கள். பேச்சுத் தெளிவுக்கு 5 வரை, வலிமைக்கு 9 வரை மதிப்பு. கரகரவென்று பாதி வார்த்தை விழாதபோதும் மரியாதைக்காக ‘59’ என்று சொல்லும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. எதிராளி தன் ஆன்டெனாவைச் சரிபார்க்கவே அந்த எண்ணைக் கேட்கிறார்.

கேள்வி: அண்ணே, எங்கள் வளவு வீட்டுக்குள்ளிருந்து கூப்பிட்டால் யாருக்கும் எட்டவில்லை. கூடுதல் வாட் உள்ள செட் வாங்கிவிடவா? – கானாடுகாத்தான் வாசகர்

பதில்: காசை எடுத்து வையுங்கள் தம்பி. தடித்த சுவர், முற்றத்துக்கு மேலே இரும்புக் கம்பி வலை, அதற்குள் நின்று கட்டை ஆன்டெனாவில் பேசினால் எந்தச் செட்டும் திணறும். முதலில் அதே செட்டோடு மெத்தைக்கு (மாடிக்கு) ஏறிக் கூப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் உங்கள் கையாலேயே ஓர் ஆன்டெனா செய்யுங்கள்.

உங்கள் செட் பேசும் 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை ஆன்டெனா, அதாவது அலைநீளத்தில் கால் பங்கு நீளமுள்ள ஆன்டெனா போதும். பேனலில் பொருத்துகிற எஸ்.ஓ.239 சாக்கெட் ஒன்று, விறைப்பான பித்தளைக் கம்பி ஐந்து. சாக்கெட்டின் நடு முனையில் ஒரு கம்பியை நேராகப் பற்றவையுங்கள். நான்கு மூலைத் துளைகளில் நான்கு கம்பிகளை மாட்டி 45 டிகிரி கீழே சாய்த்துவிடுங்கள். அப்படிச் சாய்த்தால்தான் 50 ஓம் கேபிளுக்குப் பொருந்தி வரும். கணக்குப்படி நீளம் 49 சென்டிமீட்டர் அளவில் வரும். நீங்கள் 52 வெட்டுங்கள். ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரில் (எண் குறைந்தால் நல்லது) 144-இல் குறைவாகவும் 146-இல் அதிகமாகவும் காட்டினால் கம்பி இன்னும் நீளமாக இருக்கிறது என்று அர்த்தம், நடுக்கம்பியில் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்குங்கள். நறுக்கிய கம்பியை ஒட்ட முடியாது, அதனால் அவசரம் வேண்டாம்.

பலர் சறுக்குவது கேபிள் நுனியில் மாட்டும் பி.எல்.259 பிளக்கில்தான். அதன் உடம்பு கனமான உலோகம். 25 வாட் சால்டரிங் அயர்ன் வைத்தால் ஈயம் ஒட்டாமல் உருண்டை உருண்டையாக நிற்கும். அது சூடாகட்டும் என்று வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தால் உள்ளே பிளாஸ்டிக் இளகி, கேபிளின் நடுக்கம்பி நகர்ந்து, அதைச் சுற்றியுள்ள வெளிவலையைத் தொட்டுவிடும். 60 வாட்டுக்கு மேல் உள்ளதை எடுத்துச் சட்டென்று முடியுங்கள். ஆறியபின், கேபிளின் மறுமுனையில் எதுவும் மாட்டாமல், நடு முனைக்கும் உடம்புக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். ‘பீப்’ அடித்தால் வெட்டிவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். அந்தக் கேபிளைச் செட்டில் மாட்டவே கூடாது.

கேள்வி: பேரன் மெத்தையில் நீளமாகக் கம்பி கட்டியிருக்கிறான். ஐப்பசி மாதம், இடி இடிக்கிறது. பயமாக இருக்கிறது தம்பி. – ஓர் ஆச்சி, பள்ளத்தூர்

பதில்: உங்கள் பயம் நியாயம், ஆச்சி. வானம் கறுக்கும்போதே கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி, நுனியை வீட்டுக்கு வெளியே போட்டுவிடச் சொல்லுங்கள். இடி கேட்கத் தொடங்கிவிட்டால் கேபிள் பக்கமே போகக் கூடாது. கம்பி அறுந்து விழுந்தாலும் மின்வாரிய லைனில் படாத தூரத்தில் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: 2018-இல் கஜா புயலில் எங்கள் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அடுத்த முறை உதவ என்ன பழக வேண்டும்? – ராயவரம் வாசகர்

பதில்: 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது போர்ட் பிளேரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் வி.யு.4.ஆர்.பி.ஐ. என்ற கால் சைனில் நிலையம் நடத்திக்கொண்டிருந்தார். உலகத்தோடு பேசி மகிழப் போட்ட நிலையம், அந்தமானிலிருந்து தகவல் சொல்லும் நிலையமாக மாறியது. கையில் பழக்கம் இருந்ததால்தான் அது முடிந்தது.

நீங்கள் நண்பர் ஒருவரோடு வாரம் ஒரு மாலை, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, 12 வோல்ட் பேட்டரியில் மட்டும் பேசிப் பழகுங்கள். ஒருவர் ஒரு செய்தியைப் படிக்க, மற்றவர் எழுதி, அப்படியே திருப்பிப் படிக்க வேண்டும். எண்களை இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள். இரைச்சலில் ‘அறுபது’ம் ‘எழுபது’ம் ஒன்றுபோலவே கேட்கும். ‘ஆறு, சைபர்’ என்றால் தப்பாது. ‘அறுபது போர்வை வேண்டும்’ என்பது போன்ற செய்திகளையே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கியது என்பதையும் லாக் புத்தகத்தில் குறியுங்கள்.