உடைந்த வால்வைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள்

கேள்வி: எங்கள் வாட்டர் சாஃப்ட்னரின் (உப்புத் தண்ணீரின் கடினத்தைக் குறைக்கும் கருவி) பின்பக்க இணைப்பில் கசிவு. மூன்று முறை போன் செய்தும் கம்பெனி ஆள் வரவில்லை. நாங்களே பிளம்பரை அழைத்து நட்டுகளையும் ஓ-ரிங்குகளையும் (கசிவை அடைக்கும் ரப்பர் வளையங்கள்) மாற்றினோம். பதினெட்டாம் நாள் இரவு, அந்த இணைப்பில் உள்ள பைபாஸ் வால்வு (தண்ணீரைக் கருவிக்குள் விடாமல் நேராகத் திருப்பிவிடும் வால்வு) பிளந்து வீடு முழுக்கத் தண்ணீர். கீழ் வீட்டுக் கூரையும் அலமாரியும் பாழ். வாரன்டி இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. போனில் மரியாதையில்லாமல் பேசிய மேலாளர், உடைந்த வால்வைக் கொடுத்தால் புதியது இலவசம் என்கிறார். முழு நஷ்டத்தையும் கம்பெனியிடம் வாங்க முடியுமா?

பதில்: மேலாளர் பேசிய விதத்தை மறந்துவிடுங்கள். ஆள் வராததைச் சேவைக் குறைபாடு என்று புகாரில் எழுதலாம். ஆனால் வீடு நனைந்த நஷ்டம் அதை வைத்துக் கிடைக்காது. வழக்கு நிற்பதும் விழுவதும் ஒரே கேள்வியில்தான்: வால்வு வார்ப்பிலேயே பலவீனமாக இருந்து பிளந்ததா, உங்கள் பிளம்பர் முறுக்கியதில் பிளந்ததா?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 87-ஐப் படியுங்கள். தீங்கு நேர்ந்தபோது பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலோ மாற்றப்பட்டிருந்தாலோ விற்பனையாளர் மீது பொருள் பொறுப்பு வழக்கு (குறையுள்ள பொருளால் நேர்ந்த தீங்குக்கு நஷ்டஈடு கேட்பது) செல்லாது. தயாரிப்பாளரும் இதையேதான் வாதாடுவார். நட்டு மாற்றியது 'மாற்றம்' ஆகுமா என்று வாதிட இடமிருக்கிறது. ஆனால் பிளவு அந்த நட்டு உட்காரும் இடத்திலேயே இருந்தால் உங்கள் வாதம் தளரும்.

பிளம்பர் டெஃப்லான் டேப் சுற்றினாரா என்று கேளுங்கள். ஓ-ரிங் அடைக்கும் இணைப்புக்கு டேப் தேவையில்லை. கையால் இறுக்கினாலே பெரும்பாலும் போதும். பிளாஸ்டிக் மரையில் டேப்பைத் தடிமனாகச் சுற்றி ரெஞ்ச் போட்டு முறுக்கினால், உள்ளே ஆப்பு அடித்தது போல இருக்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பல நாள் தண்ணீர் அழுத்தம் தாங்கிவிட்டு ஓர் இரவில் பிளக்கும். பதினெட்டு நாள் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. இலவச வால்வு என்ற பேச்சில் என் கட்சிக்காரர்கள் பலர் வழக்கையே இழந்திருக்கிறார்கள். வருகிற ஆள் உடைந்ததைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். அவர் நீட்டும் ஜாப் ஷீட்டில் (செய்த வேலையைக் குறிக்கும் தாள்) 'வெளியாள் கை வைத்ததால் சேதம்' என்று ஒரு வரி இருக்கும். வீட்டில் தண்ணீர் இல்லாத அவசரத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடுவீர்கள். அதற்குப் பிறகு என்னிடம் வந்தால் நான் எதை வைத்து வாதாடுவேன்? அதே சட்டத்தின் பிரிவு 38-ன் கீழ் நுகர்வோர் ஆணையம் பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அனுப்பப் பொருள் வேண்டும். புகைப்படம் மட்டும் இருந்தால் போதாது; பிளவின் முகத்தைப் பார்த்துத்தான் நிபுணர் காரணம் சொல்ல முடியும்.

ஆகவே வால்வு, நட்டு, ஓ-ரிங், ஒட்டியிருக்கும் டேப் எல்லாவற்றையும் துடைக்காமல், பிரிக்காமல் ஒரே பையில் போட்டு வையுங்கள். புதிய வால்வைக் காசு கொடுத்தே வாங்குங்கள். கம்பெனி பார்க்க வேண்டுமென்றால் உங்கள் வீட்டில், உங்கள் முன்னால் பார்க்கட்டும். அதை எழுத்தில் தெரிவியுங்கள். பார்க்க விடாமல் மறுத்தீர்கள் என்று அவர்கள் பின்னால் சொல்ல முடியாது.

தெரிந்தவர் என்பதால் பிளம்பரை வழக்கில் சேர்க்கத் தயங்குவீர்கள். எல்லோரும் தயங்குகிறார்கள். அவரை விட்டுவிட்டால் கம்பெனி முழுப் பழியையும் அவர் மேல் போடும். மறுத்துப் பேச அங்கே ஆள் இருக்காது. இருவரையும் எதிர்தரப்பினராகச் சேருங்கள். புகார் தர இரண்டு ஆண்டு அவகாசம்.

கீழ் வீட்டுக்காரரிடம் இன்றே சமாதானமாகப் போங்கள். தண்ணீர் உங்கள் வீட்டிலிருந்து இறங்கியது. கம்பெனியோடு உங்களுக்குள்ள தகராறு முடியும்வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை. பழுது பார்க்கும் முன் படம் எடுத்து, மதிப்பீடு வாங்கி, 'இந்த நீர்க்கசிவு தொடர்பான முழுத் தீர்வு' என்று எழுதிய ரசீதோடு பணம் கொடுங்கள். தவறு என்னுடையது என்று எங்கும் எழுத வேண்டாம். அந்த ரசீதைக் காட்டித்தான் பிறகு கம்பெனியிடம் அந்தத் தொகையைக் கேட்க முடியும். வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் இருந்தால் பணம் கொடுக்கும் முன் அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

டேப் சுற்றியிருந்து, நட்டில் ரெஞ்ச் தழும்பும் இருந்தால், கம்பெனி மீது வழக்கு வேண்டாம். அவர்கள் தருவதை வாங்கிக்கொண்டு, மீதியைப் பிளம்பரோடு பேசி முடியுங்கள். டேப்பே இல்லாமல் வால்வின் உடல் பிளந்திருந்தால் வந்து பாருங்கள். ஏற்கெனவே ஜாப் ஷீட்டில் கையெழுத்துப் போட்டிருந்தால் அதன் நகலையும் கொண்டு வாருங்கள். எதிர்த்தரப்பு அதை நீட்டும்போது நான் முதன்முறையாகப் பார்க்கக் கூடாது.